‘ஏசினார்’ என்று எழுதினால் பிழையா? ஏச்சு, உறுக்கு, திட்டு பற்றி ஒரு கேள்வி

களுவாஞ்சிகுடிப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எழுதத் தெரியாதவர்களும், தெரிந்தும் ‘முறையாக’ எழுதப் பயப்படுகிறவர்களும் வந்து சொல்லச் சொல்ல நான் கடிதம் அடித்துக் கொடுப்பேன்.

போன கிழமை வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒரு பெத்தா (பாட்டி) வந்தார். மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். பக்கத்து வளவுக்காரரின் மாடுகள் வேலியை முறித்துக்கொண்டு புகுந்து, அவருடைய கச்சான் (நிலக்கடலை) தோட்டத்தில் பாதியைத் தின்றுவிட்டன. கேட்கப் போன இடத்தில் வாய்த்தர்க்கம். அதை முறைப்பாடாக எழுதித் தரச் சொன்னார். அவர் சொன்னபடியே அடித்தேன்: “அவர் எனக்கு ஏசினார். பிறகு உறுக்கினார்.” அதற்குப் பின்னும் நாலைந்து வரி இருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் கடிதத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டு சொல்லையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, “இதெல்லாம் பேச்சு வழக்கு. திட்டினார், மிரட்டினார் என்று நல்ல தமிழில் எழுதிக்கொண்டு வாங்க” என்றார்களாம். பெத்தா திரும்பவும் பாதை ஏறி என் கடைக்கு வந்து கடிதத்தை மேசையில் வைத்தார்.

மாற்றி அடிக்க இரண்டு நிமிடம்தான் வேண்டும். ஆனால் எனக்குக் கை வரவில்லை. “நான் அப்பிடிச் சொல்லல்லயே மகள்” என்று பெத்தாவும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு கிழமை தவணை கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஏச்சு என்பது எழுதத் தகாத சொல்லா? உறுக்கு என்பது தமிழ் இல்லையா? வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்ட சொற்கள். அதற்கு வட்டம் போட்டதைப் பார்த்ததும் மனதுக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


படுவான்கரை வாத்தியார்:

பிள்ளை, மாற்றாமல் விட்டது நல்லது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த வட்டம்தான் பிழை, சொல் பிழை இல்லை.

ஏசு என்பது வினை, ஏச்சு என்பது அதிலிருந்து வந்த பெயர். பேசு பேச்சு ஆவது போல, வீசு வீச்சு ஆவது போல. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. பழமைக்குச் சான்று வேண்டுமென்றால் திருவாசகத்துக்குப் போகலாம். கோயில் மூத்த திருப்பதிகத்தில் மாணிக்கவாசகர் “ஏசா நிற்பர் என்னை உனக்கு அடியான் என்று பிறரெல்லாம் பேசா நிற்பர்” என்று பாடுகிறார். ஊர் ஏசுவதையும் ஊர் பேசுவதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாம் இன்றைக்கும் “ஏச்சும் பேச்சும்” என்று சேர்த்துத்தான் சொல்கிறோம். சிவபெருமான் முன்னால் பாட ஒத்துக்கொண்ட சொல் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்துக்கு ஆகாதா?

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் நம்முடைய பேச்சை ஆராய்ந்துவிட்டு, பேசும் தமிழ் வகைகளுக்குள் மட்டக்களப்புத் தமிழ்தான் எழுத்துத் தமிழுக்கு மிகவும் கிட்ட நிற்கிறது என்று எழுதினார். வெளியாள் அப்படி எழுதியிருக்க, நம் ஆட்களே நம் சொல்லைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்குவது எனக்குத் தாங்காது.

ஆனால் இங்கே பழமை புதுமை முக்கியம் இல்லை. பொருள்தான் முக்கியம். ஏச்சும் திட்டும் ஒன்றல்ல. நம் பகுதியில் திட்டு என்றால் சாபம். “வயிறு எரிஞ்சு திட்டினா”, “மண்ணள்ளித் திட்டினா” என்று சொல்லும்போது அங்கே கோபம் மட்டும் இல்லை. இன்னது உனக்கு நடக்கட்டும் என்று ஒருவர் மேல் போடுவது அது. ஏச்சு அப்படி இல்லை. செய்த காரியத்தைப் பிடித்து, முகத்துக்கு நேரே, காரமாகச் சொல்வது. ஏச்சு அன்றைக்கே முடிந்துவிடும். ஏசிய தாய்தான் பிறகு சோறு போட்டுக் கூப்பிடுவாள். திட்டியவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் யோசிப்பார்கள் எங்கள் ஊரில்.

தமிழ்நாட்டுச் சினிமாவும் டிவி நாடகமும் வீட்டுக்குள் வந்த பிறகு, இளம் ஆட்களுக்குத் திட்டு என்றால் ஏச்சு என்று ஆகிவிட்டது. அது அந்தப் பக்கத்து வழக்கு, அங்கே சரிதான். ஆனால் படுவான்கரைப் பெத்தா ஒருவரின் வாயில் அந்தச் சொல்லைத் திணித்தால் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

உறுக்குக்கு வருகிறேன். உறுக்குதல் என்றால் குரலை உயர்த்தி அதட்டுதல். ஏச்சு நீளும், உறுக்கு நீளாது. “ஒரு உறுக்கு உறுக்கினேன், அடங்கிட்டான்” என்போம். “ஒரு ஏச்சு ஏசினேன்” என்று அப்படிச் சொல்வது குறைவு, கவனித்துப் பாருங்கள். மிரட்டுதலுக்கு நம்மிடம் வேறு சொல் உண்டு, வெருட்டுதல். “செய்யாவிட்டால் பார், இன்னது செய்வேன்” என்பது வெருட்டு. உறுக்கில் அந்த ‘இன்னது செய்வேன்’ இல்லை.


தாமிரபரணிக்காரன்:

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஊரிலும் ஏச்சுதான். “வீட்டுக்குப் போனா அம்மா ஏசுவா” என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். வேலைக்காகச் சென்னை போன பிறகுதான் திட்டு என்று சொல்லப் பழகினேன். தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் வைதார்கள் என்பார்கள். ஆக, தமிழ்நாடு முழுக்கத் திட்டு ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் ஆச்சி மாதிரி ஆட்களிடம் நீங்கள் சொல்லும் சாபத்துக்கும் தனிப் பேச்சு உண்டு. “பேதியில போவான்” என்பார்கள். அதை ஏச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாபம் விட்டாள் என்பார்கள்.

ஒரு விஷயம்தான் எனக்குப் புதிதாக இருக்கிறது. அந்தப் பாட்டி “எனக்கு ஏசினார்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் “என்னை ஏசினார்” என்போம். தட்டச்சுப் பிழையா?


களுவாஞ்சிகுடிப் பிள்ளை:

பிழை இல்லை அண்ணன். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ‘என்னை ஏசினார்’ என்றால் புத்தகம் வாசிப்பது போல இருக்கும். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.


வடக்கத்தி மருமகள்:

நான் பிறந்தது யாழ்ப்பாணம், வாழ்க்கைப்பட்டது அம்பாறைப் பக்கத்துத் திருக்கோவில் என்ற ஊர். இருபது வருடமாக இரண்டு பேச்சையும் காதால் கேட்டு வருகிறேன். இந்த ‘எனக்கு ஏசினார்’ இரண்டு இடத்திலும் பொது. ஏச்சு மட்டும் இல்லை. “எனக்கு அடிச்சான்”, “எனக்குப் பேசினா” என்றும் சொல்கிறோம். ‘எனக்குப் பேசினா’ என்பதைத் தமிழ்நாட்டு ஆட்கள் கேட்டால் எனக்காகப் பரிந்து பேசினார் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது கண்டித்தார் என்று பொருள். “பிந்திப் போனா அம்மா பேசுவா” என்று பிள்ளை சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் பயம் என்று அர்த்தம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் ஏச்சைக் கொடுத்து வாங்குகிற பொருளாகப் பார்க்கிறோம். ஏச்சு கொடுத்தார், ஏச்சு வாங்கினான், நல்லா வாங்கிக் கட்டினான். அடியும் அப்படித்தான், கொடுப்பதும் வாங்குவதும். கொடுப்பது யாருக்கு என்று கேட்டால் ‘எனக்கு’ என்றுதானே வரும்.

திருக்கோவிலுக்கு வந்த புதிதில் ஒரு வித்தியாசம் பிடிபட்டது. பேச்சு, ஏச்சு இரண்டையும் எங்கள் வீட்டில் கலந்து சொல்வோம். இங்கே என் மாமி பிரித்துத்தான் சொல்வார். “பேசினான்” என்றால் கொஞ்சம், “ஏசினான்” என்றால் கூட. ஒருநாள் அவருடைய தம்பியைப் பற்றி, “அவன் எனக்குப் பேசட்டும், அக்காதானே. ஏசலாமா?” என்று கேட்டு அழுதார். அன்றைக்குத்தான் இரண்டுக்கும் இடையில் ஒரு படி இருக்கிறதென்று விளங்கியது.


நடுநிலை:

இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பல வருடம் மத்தியஸ்த சபை ஒன்றில் இருந்தவன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, நம் மாவட்டம்தான். சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. தீர்ப்பு எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை. இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் வேலை. அதனால் அங்கே சொல்தான் எல்லாம்.

பிள்ளைக்கு நான் சொல்ல விரும்புவது சட்டத்தின் பக்கம். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் 484ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அமைதியைக் குலைக்கத் தூண்டும் எண்ணத்தோடு ஒருவரை வேண்டுமென்றே நிந்திப்பது பற்றியது அது. 486ஆம் பிரிவு வேறு, குற்றமாகும் விதத்தில் ஒருவரை அச்சுறுத்துவதற்கான தண்டனை அதில் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

இப்போது பாருங்கள். பெத்தா சொன்னது உறுக்கினார். வாத்தியார் சொன்னது போல, அது குரலை உயர்த்தி அதட்டியது. அதை ‘மிரட்டினார்’ என்று மாற்றியவுடன், வாசிக்கிறவர் கேட்கும் அடுத்த கேள்வி “என்ன செய்வேன் என்று மிரட்டினார்?” என்பதுதான். அடிப்பேன் என்றாரா, தோட்டத்தைக் கொளுத்துவேன் என்றாரா? பெத்தாவிடம் அதற்குப் பதில் இருக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று நடக்கவில்லை. பதில் இல்லாதபோது எதிர்ப்பக்கம் “இவர் பொய் சொல்கிறார்” என்று சொல்லும். ஒரு சொல்லை ‘நல்ல தமிழ்’ ஆக்கப் போய், உள்ளதைச் சொன்ன மனுசியைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார்கள். இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. முறைப்பாட்டில் ஏசினார் என்று மட்டும் இருந்தால் நான் ஒரு கேள்வி கேட்பேன், “தூசணத்தால் ஏசினாரா, சும்மா ஏசினாரா?” என்று. நம் ஆட்களுக்கு இது உடனே விளங்கும். தூசணம், அதாவது கெட்ட வார்த்தை, சேர்ந்தால் விஷயம் வேறு. தாய் தகப்பனை இழுத்து ஏசினாலும் வேறு. சும்மா ஏச்சு என்றால் முக்கால்வாசி அந்த இடத்திலேயே முடியும். “மாட்டைக் கட்டி வைக்காதது என் பிழைதான், ஆனால் அவவும் கத்தினா” என்று ஒருவர் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சிங்களத்தில் எழுதப் போனாலும் கவனம் வேண்டும். ‘பணினவா’ என்பது ஏசுதலுக்குச் சரியான சொல். அதுவும் நம்மைப் போலவே ‘மட்ட’, அதாவது ‘எனக்கு’ என்றுதான் சேரும். சாபம் போடுவதற்கு அங்கேயும் வேறு சொல் இருக்கிறது.


சாய்ந்தமருது உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும். வாத்தியார் சொன்ன ஏச்சு, திட்டு வித்தியாசம் எங்கள் பக்கமும் அப்படியே இருக்கிறது. ஒரு சொல் மட்டும் வேறு. சாபத்துக்கு நாங்கள் பதுவா என்போம். உம்மாவின் ஏச்சைப் பிள்ளைகள் பெரிதாக எடுப்பதில்லை. உம்மாவின் பதுவாவுக்கு எல்லோருக்கும் பயம். வளர்ந்த ஆண்பிள்ளைகளும் பயப்படுவார்கள்.

என் மூத்தம்மா (பாட்டி) நல்லா ஏசுவார். பாயைச் சுருட்டாமல் விட்டதற்கு, கிணற்றடியில் தண்ணீரைச் சிந்தியதற்கு, பாத்திரம் கழுவாததற்கு, எல்லாவற்றுக்கும் ஏச்சுதான். லுஹர் என்ற மதியத் தொழுகை நேரத்துக்குத் தொடங்கினால் சில நாள் பிற்பகல் அஸர் வரைக்கும் போகும். ஆனால் கோபத்தின் உச்சியில் நாக்கில் ஏதோ வந்து நிற்கும்போது, சட்டென்று வாயை மூடிக்கொண்டு “அல்லாஹ் உன்னை நல்லாக்கட்டும்” என்று முடித்துவிடுவார். சின்ன வயதில் அதை நாங்கள் ஏச்சின் கடைசி வரி என்று நினைத்திருந்தோம். நான் தாயான பிறகுதான் விளங்கியது. பதுவா வந்துவிடக் கூடாதென்று அந்த இடத்தில் துஆவை, அதாவது நல்ல வேண்டுதலை, வைத்து மறித்திருக்கிறார். இப்போது எனக்கும் அது பழகிவிட்டது.

எங்கள் வாப்பா ஏசவே மாட்டார். உறுக்குவார். ஒரே ஒரு சொல், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான். அதில் எல்லாம் அடங்கும். எதற்குப் பயம் கூட என்று கேட்டால் நாங்கள் ஆறு பேரும் வாப்பாவின் உறுக்கு என்றுதான் சொல்வோம். எதற்கு இப்போது ஏங்குகிறீர்கள் என்று கேட்டால் மூத்தம்மாவின் ஏச்சு என்போம்.

பிள்ளை, பெத்தாவின் சொல்லை மாற்றாதீர்கள்.


அறுகம்பைக் காற்று:

எல்லோரும் ஏச்சைப் பற்றி அன்பாக எழுதுகிறீர்கள். நான் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, குறை நினைக்க வேண்டாம்.

நான் வளர்ந்தது பொத்துவிலில், ஒரு உறவினர் வீட்டில். ஆறு வருடம் ஒவ்வொரு நாளும் ஏச்சுக் கேட்டேன். தூசணம் இல்லை, சாபம் இல்லை, அடி இல்லை. வெறும் ஏச்சு. சோறு போடும்போது ஏச்சு, விளக்குக்கு முன்னால் படிக்க உட்கார்ந்தால் ஏச்சு. வாத்தியார் “ஏச்சு அன்றைக்கே முடிந்துவிடும்” என்று எழுதியிருக்கிறார். எனக்கு வயது நாற்பத்தொன்று, இன்னும் முடியவில்லை. யாராவது பாத்திரத்தைச் சத்தமாக வைத்தால் நெஞ்சு இடிக்கும்.

யாரிடமாவது சொன்னால், “ஏசினவங்கதானே, அடிச்சவங்களா?” என்று கேட்பார்கள். ஏச்சு என்ற சொல் அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. அதனால் எனக்கு நடந்ததைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. அந்த அலுவலகத்து ஆள் ‘திட்டினார்’ என்று மாற்றச் சொன்னதற்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம், ஏசினார் என்றால் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.


படுவான்கரை வாத்தியார்:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றைக்கே முடிந்துவிடும் என்று நான் எழுதியது பிழை. அன்புள்ள வீட்டு ஏச்சை வைத்து எல்லா ஏச்சையும் அளந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்ல ஏச்சு என்ற ஒற்றைச் சொல் போதாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. “ஏசி ஏசியே வளர்த்தாங்க”, “ஏச்சில்தான் கிடந்தான்” என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது யாரும் அடித்தார்களா என்று கேட்க மாட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு “பாவம்” என்பார்கள். அடுக்கிச் சொல்லும்போது சொல்லுக்குப் பாரம் ஏறும். ‘திட்டினார்கள்’ என்று மாற்றினால் அந்தப் பாரம் வராது, வேறு பொருள்தான் வரும்.

குறளில் இடித்தல் என்று ஒரு சொல் வருகிறது. “நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு.” ஒருவன் எல்லை மீறும்போது நண்பன் முன்னே போய்க் கடிந்து சொல்ல வேண்டும் என்கிறார் வள்ளுவர். ‘மிகுதிக்கண்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மீறினால்தான் இடிக்கலாம். சோற்றுக்கு உட்கார்ந்த பிள்ளை எதை மீறியது?

ஏச்சுக்கு இடமும் நேரமும் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்துதான் இருந்தார்கள். கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நிற்கும். ஒரு பக்கம் மறுபக்கத்தைப் பார்த்து வசைப்பாட்டுப் படிக்கும். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் மைத்துனர், மாமன், சொந்த மச்சான்மார். அதை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். அதுபோலக் களவெட்டியில், அதாவது நெற்களத்தில், சூடடிக்கும்போது நெல்லைப் ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும், நல்ல சொல் மட்டும்தான் வாயில் வர வேண்டும். ஊரில் யாருக்கும் பயப்படாமல் ஏசுகிற எங்கள் பெத்தப்பா களத்துக்குள் கால் வைத்தால் ஒரு ஏச்சும் ஏச மாட்டார். அந்தக் கட்டுப்பாட்டை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்திருக்க வேண்டும் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகு நினைக்கிறேன்.

சாய்ந்தமருது மகளுக்கும் ஒரு சொல். உங்கள் மூத்தம்மா செய்ததை எங்கள் தாயும் செய்வார். நாக்கில் சாபம் வந்தால் “நல்லாயிரு” என்று முடிப்பார். உங்கள் ஊர் இருக்கும் அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது. சொல் பிரியவில்லை.


களுவாஞ்சிகுடிப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குக் காலையில் பெத்தா வந்தார். நீங்கள் எழுதியதில் முக்கியமானதை வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

நான் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்கவில்லை, ஆனால் முக்கியம் என்று நினைக்காமல் விட்டுவிட்டேன். முதல் பதிவில் “அதற்குப் பின்னும் நாலைந்து வரி இருந்தது” என்று எழுதினேன் இல்லையா? அதில் ஒரு வரி, “நான் மண்ணள்ளித் திட்டினேன்.” பெத்தாவே சொல்லி, அவருடைய வாயால் வந்த வரி அது. எதற்குத் தன்னுடைய பிழையைத் தானே எழுதச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எதிர்ப்பக்கம் சொல்ல முதல் தானே சொல்கிறார் என்று நினைத்தேன்.

இன்றைக்குத் திட்டு என்றால் சாபம் என்று வாத்தியார் எழுதியதை வாசித்தபோது பெத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். “அவன் எனக்கு ஏசினான், உறுக்கினான், அவ்வளவுதான். அவன் எனக்கு மருமகன் முறை, ஏசட்டும். திட்டினது நான்தான் மகள். அவனுக்குச் சின்னப் பிள்ளை ரெண்டு இரிக்கி. கச்சானுக்காக நான் அந்தப் பிள்ளைகள்ற தலையில மண்ணப் போட்டுட்டன். அதுதான் நித்திரை இல்ல.”

கச்சானுக்கு நட்டம் கேட்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், நாலு பேர் முன்னால் அந்தத் திட்டைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் பெத்தா இந்தக் கடிதத்துடன் அலைகிறார். வட்டம் போட்டவர்கள் சொன்னபடி நான் மாற்றியிருந்தால், “அவர் என்னைத் திட்டினார், நான் அவரைத் திட்டினேன்” என்று வந்திருக்கும். இரண்டு பேரும் ஒன்றைத்தான் செய்தார்கள் என்று ஆகியிருக்கும்.


நடுநிலை:

பிள்ளை, கடிதத்தில் ஒன்று சேர்த்து எழுதுங்கள். மூன்று சொல்லுக்கும் பக்கத்தில் என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். ‘ஏசினார்: இன்ன சொற்களைச் சொன்னார். உறுக்கினார்: போ என்று கத்தினார்.’ அப்போது எந்த ஊர் ஆள் வாசித்தாலும் பொருள் மாறாது. திட்டினேன் என்பதற்குப் பக்கத்தில் பெத்தா சொன்ன சாபத்தை அப்படியே எழுத வேண்டாம். ‘சாபம் இட்டேன், அதைத் திரும்பப் பெற விரும்புகிறேன்’ என்று எழுதினால் போதும். அந்தச் சொற்களை இன்னொரு முறை கடதாசியில் ஏற்றத் தேவையில்லை.


வடக்கத்தி மருமகள்:

வாசித்துவிட்டு மாமியிடம் சொன்னேன். “அந்தப் பெத்தா நல்ல மனுசி. அவவுக்கு என்ர சார்பில தோடம்பழம் வாங்கிக் குடுக்கச் சொல்லு” என்கிறார். பிள்ளையின் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.


அறுகம்பைக் காற்று:

வாத்தியார் ஐயா, ‘ஏச்சில்தான் கிடந்தான்’ என்பதை எழுதி வைத்துக்கொண்டேன். நன்றி.


களுவாஞ்சிகுடிப் பிள்ளை:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், பிந்தியதற்கு மன்னிக்கவும். நடுநிலை ஐயா சொன்ன மாதிரியே அடித்தேன். ‘ஏசினார்’, ‘உறுக்கினார்’ இரண்டையும் மாற்றவில்லை, பக்கத்தில் விளக்கம் மட்டும் சேர்த்தேன். இந்த முறை கடிதத்தை எடுத்துக்கொண்டார்கள். வட்டம் போடவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

விசாரணைத் தேதி வர முதலே விஷயம் முடிந்துவிட்டது. கடிதத்தின் பிரதி ஒன்று பக்கத்து வளவுக்காரரின் கைக்குப் போயிருக்கிறது. வாசித்துவிட்டு அவரே பெத்தாவின் படலையடிக்கு வந்தாராம். ‘ஏசினார்’ என்று இருந்ததால்தான் வந்தேன், ‘மிரட்டினார்’ என்று எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று சொன்னாராம். வேலியைத் தானே அடைத்துக் கொடுத்திருக்கிறார். கச்சானுக்கு அறுவடை முடியக் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பெத்தா அவரைத் திண்ணையில் இருத்தி, “நான் சொன்னது பலிக்கப் படாது மனே, உன்ர பிள்ளைகள் நல்லாயிருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாராம். அவர் கொஞ்ச நேரம் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாராம். பிறகு குடித்தாராம்.